மூன்றாவது முறையும் ஒழுகிய சீல்

ஈப்போ சிலிபினில் சொந்தமாகக் கார்ப் பட்டறை திறந்த முதல் வருடமே என் பிழைப்பில் மண் விழப் பார்த்தது. காரணம் ஒரே ஒரு கார்.

அது மேகலாவின் கார். கமுந்திங்கில் ரப்பர் கையுறை செய்யும் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், தரம் பார்க்கும் சூப்பர்வைசர் அவர். பழைய ஜப்பான் டர்போ கார் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கியிருந்தார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் ஒழுகியது. பார்த்ததுமே, அங்கே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான பின்பக்க மெயின் சீல் போய்விட்டது என்றேன். கியர்பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டேன். மூன்று வாரத்தில் மறுபடியும் ஒழுகியது. சீல் மட்டமான சரக்கு என்று கடைக்காரர் மேல் பழியைப் போட்டு, வேறு சீல் வாங்கி மாட்டினேன். அதுவும் ஒரு மாதம் தாங்கவில்லை.

மூன்றாவது முறையும் கார் வந்து நின்றது. ஈப்போவில் டர்போ ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மேகலா வாயைத் திறந்தால் என் பட்டறைப் பக்கம் ஈ காக்கை வராது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். முதலில் மாட்டிய சீல் கிழிந்திருந்ததா என்று மட்டும் கேட்டார். கிழியவில்லை, சீலின் உள்விளிம்பு உதடு வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது என்றேன். கண்ணால் பார்த்தும் அதை நான் யோசிக்காமல் விட்டிருந்தேன்.

“எங்க கிலாங்ல கிளவுஸ்குள்ள காத்தடிச்சுதான் ஓட்டை பாப்போம்ணே. காத்து ஜாஸ்தியானா நல்ல கிளவுஸும் கிழிஞ்சிரும். உள்ளுக்கு எதுவோ தள்ளுதுலா.”

அவர் பையிலேயே ஒரு கையுறை இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் அதை மாட்டினேன். எஞ்சின் சரியாக இருந்தால் கையுறையை லேசாக உள்ளே இழுக்கும். இதுவோ ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு எழுந்து நின்றது. பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று கசிகிறதோ என்று கம்ப்ரஷன் பார்த்தேன், ரிங்கில் குறையில்லை. எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிசிவி வால்வைக் கழற்றினால், வால்விலும் ஹோஸிலும் கருத்த கசடு அடைத்துக் கிடந்தது. எஞ்சினுக்குள் சேர்ந்த காற்று வெளியேற வழியில்லாமல், போடுகிற சீலையெல்லாம் பிதுக்கியிருக்கிறது. வால்வு, ஹோஸ், சீல் மூன்றையும் மாற்றினேன். ஒழுகல் நின்றது.

கார் எடுக்க வந்த மேகலா கேட்டார்: “அப்ப மொத ரெண்டும் நல்ல சீல்தானா?”

கடைக்காரர் மேல் போட்ட பழியை அப்படியே விட்டிருக்கலாம்.

“நல்ல சீல்தாம்மா. நான்தான் தப்பா பாத்துட்டேன்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். போன வாடிக்கை போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அதே தொழிற்சாலையிலிருந்து ஓர் இளைஞர் தன் டர்போ காரைக் கொண்டுவந்தார். மேகலா என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“ரெண்டு தடவ தப்பா செஞ்சாரு, அத அவரே ஒத்துக்கிட்டாரு, அதனால அங்கயே போன்னாங்கண்ணே.”

பட்டறைக்கு வரும் தம்பிமார்களுக்கு நான் சொல்வது இதுதான். சீல் ஒழுகினால், ஸ்பானரை எடுக்கும் முன் எஞ்சின் மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். தப்பாகப் பார்த்துவிட்டால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். மேகலாவுக்கு நான் இதுவரை நேரில் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.