உலை வைக்கிற நேரம்

காலை ஐந்தே முக்காலுக்கு என் மனைவி வண்டியை எடுப்பாள். நான் தெருவில் நின்று, பின்பக்கம் சுவரில் இடிக்காமல் பார்த்துச் சொல்வேன். "வா, வா, ஒடிச்சி வா, போதும்." அவளுக்கு அது தேவையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டே அந்தச் சந்திலிருந்து வண்டியை வெளியே எடுத்துவிடுவாள். அந்த வண்டியில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை அதுதான் என்பதால் விட்டுவைத்திருக்கிறாள்.

எங்களுடையது குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி. விழுப்புரத்தில் மொத்தக் கடையில் முட்டை ஏற்றி, வழியெல்லாம் கடைகளுக்குப் போட்டுக்கொண்டே திண்டிவனம் வரை போய், மதியம் காலி அட்டைகளோடு திரும்ப வேண்டும். பதினோரு வருடம் நான் செய்த வேலை அது. இப்போது மூன்று வருடமாக அவள் செய்கிறாள். நான் வீட்டில் சோறாக்குகிறேன், துணி துவைக்கிறேன், எட்டாவது படிக்கும் மகளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். முதல் வருடம் பின்னல் கோணலாகவே வந்தது. பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள் என்று பிள்ளை அழுதாள்.

திண்டிவனத்தில் லோடு இறக்கிவிட்டு டீக்கடையில் நின்றிருந்தபோதுதான் எனக்கு முதல் தடவை வலிப்பு வந்தது. கண் விழித்தால் கையில் இரும்பு. யாரோ என் இடுப்பிலிருந்த வண்டிச் சாவியையே எடுத்துக் கைக்குள் திணித்திருந்தார்கள். "அஞ்சு நிமிஷம் முன்ன வந்திருந்தா ஸ்டியரிங்ல இருந்திருப்ப. இனிமே வண்டியத் தொடாத" என்றார் டாக்டர். வண்டியை விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன்.

"வித்துட்டு? நீங்க கத்துக்குடுங்க, நான் ஓட்றேன்" என்றாள் அவள்.

நான் சிரித்தேன். பிறகு இரண்டு நாள் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்தேன் என்று சொல்வதைவிடக் கத்தினேன் என்று சொல்வது சரி. மூன்றாம் நாள் அவள் என்னிடம் ஒன்றும் பேசாமல் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் பழைய காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு அவள் முதல் லோடு ஏற்றப் போன அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. "என்னாபா, வூட்டுக்காரம்மாவ டூட்டிக்கு அனுப்பிட்டு நீ ரெஸ்ட்டா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பல்லைக் காட்டினேன். உள்ளே எரிந்தது. நான் ஓட்டியபோது நாளைக்கு ஓர் அட்டை முட்டையாவது உடையும். அவள் ஓட்ட ஆரம்பித்த பிறகு கடைக்காரர்கள், "அந்தம்மா கைல ஒரு முட்டைகூட ஒடையறதில்லபா" என்று என்னிடமே சொன்னார்கள்.

காசு விஷயமும் மாறிப்போனது. நான் சம்பாதித்த காலத்தில் காசு என் சட்டைப்பையில்தான் இருக்கும். அவள் கேட்பாள், எதுக்கு என்று நான் கேட்பேன். கொடுக்காமல் இருந்ததில்லை, ஆனால் கேட்க வைப்பேன். இப்போது அவள் காபித்தூள் டப்பாவில் போட்டுவைக்கிறாள், யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். எதுக்கு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் முடி வெட்டிக்கொள்ள எடுத்த காசுக்குக்கூட நானாகவே கணக்கு ஒப்பிக்கிறேன்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது பயம்தான்.

எங்கள் ரோட்டை எனக்குத் தெரியும். விக்கிரவாண்டி தாண்டியதும் எந்த இடத்தில் மாடு குறுக்கே வரும், கூட்டேரிப்பட்டில் எந்தப் பக்கத்திலிருந்து ஆம்னி பஸ் சீறிக்கொண்டு வரும், எந்த மேட்டில் மணல் லாரிக்காரன் தூங்கிக்கொண்டே ஓட்டுவான், எல்லாம் தெரியும். தெரியாதவனாக இருந்தால் நிம்மதியாக ரசம் வைத்துக்கொண்டிருப்பேன். அவள் போன பிறகு நான் வீட்டில் இருப்பதே இல்லை. அடுப்பு முன்னால் நிற்பேன், மனசு அந்த ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் மிதித்துக்கொண்டிருக்கும்.

ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு போன் போட்டேன். "எங்க இருக்க? ஸ்பீடு எவ்ளோ? முன்னாடி லாரி இருக்கா?" அவள் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு சொன்னாள், "நீங்க போன் பண்ணிக்கினே இருந்தா அதுலயே நான் எங்கனா உட்ருவேன். பேச வேணாம். திண்டிவனம் போனதும் ஒரு ரிங் வுட்டு கட் பண்றேன். திரும்பக் கெளம்பறப்ப ரெண்டு ரிங். அவ்ளோதான்." போன் இலவசமாகிவிட்ட இந்தக் காலத்தில் மிஸ்டு கால் கொடுத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஒரு ரிங் வந்தால் எனக்குப் பாதி உயிர் வரும். இரண்டு ரிங் வந்தால் அந்தப் பாதியும் மறுபடி போய்விடும். திரும்பி வர வேண்டுமே.

அதே மாதிரி ஒரு ரிங் விடச் சொல்லி அவளும் என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் ஓட்டிய காலத்தில் தினமும் காலையில் கேட்பாள். "கெளம்பறப்ப ஒரு போன் பண்ணுங்க." நான் சிரிப்பேன். "நான் என்ன துபாய்க்கா போறேன்?" தோன்றினால் பண்ணுவேன், தோன்றாவிட்டால் விட்டுவிடுவேன். மதியம் இரண்டரைக்குக் காய்ந்த வயிறோடு வந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் சோறு ஆகியிருக்காது. குழம்பு தயாராக இருக்கும், பொரியல் இருக்கும், சோறு மட்டும் இருக்காது. "நீங்கதான் வந்துட்டீங்கல்ல, தோ ஒல வெச்சிட்டன்" என்று அடுப்பைப் பற்ற வைப்பாள். வீட்டில் சும்மா இருப்பவளுக்குச் சோறாக்கக்கூட நேரமில்லையா என்று நான் கத்தாத நாள் குறைவு. ஒரு தடவை உலைக் குண்டானையே தூக்கி வாசலில் எறிந்தேன். அந்தக் குண்டானில் இன்னமும் ஓர் ஒடுக்கு இருக்கிறது. இப்போது அதைத் தேய்ப்பது நான்தான், தினமும் அந்த ஒடுக்கில் விரல் படுகிறது.

போன ஐப்பசியில் ஒரு நாள். முதல் நாள் சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். "இன்னிக்கு லீவு போட்டுடு" என்றேன். "முட்டைய இன்னிக்கு எடுக்கலன்னா கடைக்காரன் வேற வண்டி பாத்துக்குவான்" என்று அவள் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். நான் ஓட்டும்போது சொன்ன அதே பதில். நான் தெருவில் இறங்கி ரிவர்ஸ் பார்த்துச் சொன்னேன்.

எட்டரைக்கு ஒரு ரிங் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் குழம்பு வைத்தேன், கத்திரிக்காய் வதக்கினேன், அரிசி களைந்து வடிகட்டி வைத்தேன். பன்னிரண்டு மணிக்குப் போன் மறுபடி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டே எண்ணினேன். ஒன்று. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

இரண்டல்லவா வர வேண்டும்? போய்ச் சேர்ந்தவள் மறுபடி எங்கே போய்ச் சேர்ந்தாள்? இரண்டாவது ரிங் அடிக்கும் முன் என்ன ஆனது? நான் திருப்பிப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். அந்தப் பெண் குரல் அதையே சொன்னது. பத்துத் தடவைக்கு மேல் அந்தக் குரலோடு மல்லுக்கட்டியிருப்பேன்.

ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா குடையோடு ஓடி வந்தாள். கையில் போன். "தம்பி, பதறாத. கூட்டேரிப்பட்டாண்ட ஒரு லோடு வண்டி கவுந்துக்கினு கெடக்குதாம். வாட்ஸ்அப்ல போட்டுக்கினு இருக்கானுங்க. நம்ம வண்டியான்னு பாரு." பார்த்தேன். மழையில் கலங்கிய படம். மேலே தூக்கிய இரண்டு சக்கரம், சேற்றில் பாதி புதைந்த நீலத் தார்ப்பாய். நம்பர் தெரியவில்லை. விரலால் பெரிதாக்கினேன், இன்னும் கலங்கியது. ரோட்டில் போகும் எல்லா வண்டியிலும் நீலத் தார்ப்பாய்தான் என்று அக்காவிடம் சொன்னேன். சொன்ன வாய் என்னுடையது மாதிரி இல்லை. "சாமி இருக்குது, நீ மாத்திரையப் போடு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம் என்று சட்டையை மாட்டினேன். நான் போன பிறகு அவள் வந்தால்? அவளைப் பற்றித் தகவல் சொல்ல யாராவது வீட்டுக்கு வந்தால்? வழியில் எனக்கே வலிப்பு வந்துவிட்டால் பிள்ளை யாரிடம் போவாள்? சட்டையைக் கழற்றினேன். மறுபடி மாட்டினேன். முதலில் நினைத்தது அவளைத்தான். பின்னாலேயே ஒரு நினைப்பு வந்தது, அதைச் சொல்லக் கூசுகிறது. இனிமேல் எங்களுக்கு யார் சம்பாதித்துப் போடுவார்கள்? அப்படியும் ஒரு மனுஷன் நினைப்பானா என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. ஆனால் நினைத்தேன்.

"அப்பா, பசிக்குது" என்றாள் மகள்.

உலைத்தண்ணீர் குண்டானில் இருந்தது. அடுப்புமேல் வைத்து லைட்டரை எடுத்தேன். அதற்குமேல் கை போகவில்லை. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் ஆக்கி வைத்த சோற்றை அப்படியே கொட்டிவிடுவார்கள். அடக்கம் முடியும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. நான் சோறாக்கி வைத்து, அதைக் கொட்டும்படி ஆகிவிட்டால்? ஆக்காமல் இருந்தால் கொட்ட வேண்டியதும் வராதல்லவா? பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. தெரிந்தும் லைட்டரைக் கீழே வைத்தேன். பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன்.

அவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே அடுப்பைப் பார்த்தாள். "அம்மாவும் இப்டித்தான்பா பண்ணும்" என்றாள்.

"என்னா?"

"நீ வண்டிக்குப் போவசொல்ல. கொழம்பு வச்சிடும், சோறு மட்டும் ஆக்காது. எனக்கு பன்னு வாங்கிக் குடுக்கும். அப்பா வந்துரட்டும், அப்பா வந்துரட்டும்னு வாசலாண்டயே நிக்கும். உன் வண்டி சத்தம் கேட்டாத்தான் உள்ள வரும்."

நான் அடுப்புப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை மதியம் அவள் இந்த லைட்டரைக் கையில் எடுத்துக் கீழே வைத்திருப்பாள்? அந்த இரண்டாவது நினைப்பு, இனிமேல் யார் சம்பாதிப்பார் என்பது, அவளுக்கும் வந்திருக்கும். அவளும் கூசியிருப்பாள். அப்போதெல்லாம் நான் ஒரு ரிங் விடச் சோம்பல்பட்டு, டீக்கடையில் நின்று அரட்டையடித்துவிட்டு வந்து, சோறு எங்கே என்று கத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் வெட்கத்துக்கும் இடம் இல்லை, பயம் அதையும் தின்றுவிட்டது. அவள் வந்தால் போதும், வந்தால் போதும் என்று அந்தக் குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது. மூன்றரைக்குத் தெருமுனையில் சைலன்சர் இருமியது. அந்த இருமல் எனக்குத் தெரியும். பதினோரு வருடம் கேட்டது. எழுந்து ஓடினேன், வாசற்படியில் கால் தடுக்கி விழப் பார்த்தேன்.

அவள் இறங்கினாள். காக்கிச் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கையும் காலும் முழுசாக இருந்தன. என்னால் அவளைத் தொடக்கூட முடியவில்லை, வாய்தான் முந்திக்கொண்டது.

"போன எங்கடி வச்ச? அறிவு இருக்குதா ஒனக்கு? ஒரு ரிங்தான் வந்துது, ஒரு ரிங்கு! இங்க ஒருத்தன் செத்துப் பொழச்சிக்கினு இருக்கேன்!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவள் சத்தம் போடவில்லை. "ரெண்டாவது ரிங் போறதுக்குள்ள போனு அமுந்துடுச்சி. தண்ணி பூந்துடுச்சி போல. கூட்டேரிப்பட்டுல ஒரு வண்டி கவுந்து ரோடே அடச்சிக்கிச்சி, ரெண்டு மணி நேரம் நவுரல. அந்தாளுக்குக் கால்லதான் அடி, உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றாள். தலையைத் துவட்டிக்கொண்டே நேராகச் சமையலறைக்குப் போனாள். காலை நாலு இட்லியோடு போனவள், அதற்கப்புறம் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். இப்போது அவள் முறை. வீட்டில் சும்மா இருப்பவனுக்குச் சோறாக்க நேரமில்லையா என்று கேட்கலாம். குண்டானைத் தூக்கி எறியலாம். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். பச்சைத் தண்ணீர். பக்கத்தில் களைந்து வைத்த அரிசி காய்ந்துபோயிருந்தது. அடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள், சில்லென்று இருந்திருக்கும். திரும்பி என் முகத்தைப் பார்த்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"அதான் வந்துட்டேன்ல" என்றாள். "ஒலய வைங்க."

லைட்டரை மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.