ஓடக்கூடாத குட்டி

நல்ல காற்று வாங்க ஊரே கொடைக்கானலுக்கு ஏறி வருகிறது. விடுமுறை நாள் என்றால் மலைப்பாதையில் நகர முடியாது. நாங்கள் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், பிக்கப் வண்டியில் குதிரையையும் அது போட்ட குட்டியையும் ஏற்றிக்கொண்டு, மூச்சுக்காற்றுக்காகப் பழனிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரே நின்ற கார்களிலிருந்து குட்டியைப் போட்டோ எடுத்தார்கள். ஒருத்தி கையை ஆட்டி ‘க்யூட்’ என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு இறங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். குட்டிக்கு அப்போது விலா தெறித்துவிடுகிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

எங்களுக்குக் கூக்காலில் பூண்டு விவசாயம். எங்கள் காட்டுக்கு வண்டி போகாது. உரமூட்டை ஏறுவதும் பூண்டு மூட்டை இறங்குவதும் குதிரை முதுகில்தான். அந்தக் குதிரைக்கு வயதாகிவிட்டது. அதனால் அது சினைப்பட்டதிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நான் உண்டாகியிருந்தபோது எனக்கு இந்தக் கவனிப்பு இல்லை என்று சொல்லிக் காட்டினேன். அவர் காதில் வாங்காமல் குதிரைக்குக் கேரட் ஊட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டைக் குட்டி. பிறந்த சற்று நேரத்தில் எழுந்து நின்றுவிட்டது. ஆனால் மடியில் வாய் வைத்தால் இரண்டு மடக்கு குடிக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி இரண்டு மடக்கு. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற வாய் போல ஈறு நீலம் பாரித்திருந்தது.

பனி அடித்துவிட்டது என்றார் வீட்டுக்காரர். எங்கள் மலையில் எந்த நோய்க்கும் முதலில் பனியைத்தான் குற்றம் சொல்வார்கள். தைலம் தேய்த்தார், சாக்கைப் போர்த்தினார், கொட்டகைக்குள் தீ மூட்டினார். புகையில் குட்டிக்கு இன்னும் திணறியது. நான் தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்தேன். உயரத்துக் காற்று இதற்குப் பற்றவில்லை, கீழே கொண்டுபோய்ப் பாருங்கள் என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார். அவர் சொன்னதுதான் எனக்குப் புத்தியாகப் பட்டது. பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, என் மதினிக்கு, தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கேதான் புறப்பட்டோம்.

பெருமாள்மலை தாண்டி இறங்க இறங்கக் குட்டியின் மூச்சு தணிந்தது. அடிவாரம் வந்தபோது ஈறில் லேசாக ரத்த ஓட்டம் தெரிந்தது. தோப்பில் இறக்கிவிட்டதும் வயிறு நிறையப் பால் குடித்தது. வீட்டுக்காரர் பழனிமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டது என்றே நம்பினோம்.

மதினியின் மாடுகளைப் பார்க்கும் டாக்டரம்மா அன்று மாலையே வந்தார். வலது பக்கம் குழாயை வைத்துக் கேட்டார். இடது பக்கம் வைத்தவர் எடுக்கவே இல்லை. பிறகு கையில் தூக்கி வரும் எக்ஸ்ரே கருவியைச் சொல்லி வரவழைத்துப் படம் எடுத்தார். படத்தில் ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வெள்ளை. கறுப்பைக் காட்டி, இதுதான் கெட்டுப்போன பக்கமா என்று கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். கறுப்பாகத் தெரிவதுதான் காற்று என்றார். வெள்ளைப் பக்கத்தில் நுரையீரலே இல்லை, வயிற்றுக்குள் இருந்தபோதே அது வளரவில்லை, இதயம் அந்த இடத்துக்கு நகர்ந்துவிட்டது. பனியும் இல்லை, புகையும் இல்லை. நாங்கள் செய்த தப்பும் எதுவும் இல்லை, எங்களால் செய்யக்கூடியதும் எதுவும் இல்லை.

“இந்த ஒரு பக்க மூச்ச வச்சுக்கிட்டு நிக்கலாம், நடக்கலாம்மா. ஓட மட்டும் விட்டுராதீங்க. ஓடாம இருந்தா கொஞ்ச நாள் இருக்கும்.”

குதிரைக் குட்டியிடம் ஓடாதே என்று யார் சொல்வது? மேலே பூண்டு எடுக்கிற சமயம். வாடகைக் குதிரை பிடித்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரர் மலையேறிவிட்டார். நான் தங்கிவிட்டேன். பழைய சேலையைக் கிழித்துத் திரித்து, கழுத்தை அறுக்காத கயிறாக்கிக் குட்டியைத் தென்னையில் கட்டினேன். தாயையும் பக்கத்திலேயே கட்டினேன். தாய் தளையை அவிழ்த்துக்கொண்டால் குட்டியும் துள்ளும் என்று பயம்.

குட்டி தேறியது. ரோமம் பளபளத்தது. என் முந்தானையைக் கடித்து இழுத்தது, பின்னங்காலால் என் தொடையில் ஓர் உதை விட்டது. வலியோடு சந்தோஷமும் வந்தது. ஆனால் மதினியின் கன்றுக்குட்டிகள் தோப்பில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் இது கயிற்றை இழுத்துக் குதிக்கும். குதித்தால் ஈறு நீலமாகும். தலை தொங்கிப்போய் நிற்கும். நான் கன்றுகளைக் கல்லெடுத்து விரட்டுவேன். மதினிக்கு என்மேல் வருத்தம்தான்.

டாக்டரம்மா மறுபடி வந்து பார்த்தார். உடம்பு வளர்கிறது, ஒரு பக்க மூச்சு அதற்கு ஈடுகொடுக்காது என்றார். நின்றபடியே இழுக்க ஆரம்பிக்கும், அப்போது கூப்பிடுங்கள், வேதனைப்படாமல் போய்ச் சேர ஊசி போட்டுவிடலாம் என்றார். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அறுவடை முடிந்து தான் வரும்வரை கட்டியே வைத்திரு என்றார்.

அவர் வருவதற்கு முன்பே இழுக்க ஆரம்பித்துவிட்டது. பால் குடிக்க நான்கு எட்டு நடந்தாலே நின்று நின்று மூச்சு வாங்கியது. ஒருநாள் விடியற்காலையில் கொஞ்சம் தெளிந்து, காதை விறைத்துக்கொண்டு, கன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்ய எடுத்தவள் வைத்துவிட்டேன். கயிற்றிலேயே கிடந்து சாக இது என்ன பாவம் செய்தது என்று இருந்தது. முதலில் தாயை அவிழ்த்தேன். பிறகு குட்டியை.

கொஞ்ச நேரம் நம்பாமல் நின்றது. தாய் கனைத்துக்கொண்டு கிணற்றைப் பார்த்து ஓடியதும் பின்னாலேயே பாய்ந்தது. ஓடத் தெரியவில்லை. நான்கு காலும் நான்கு பக்கம் போயின. பிறகு காலெல்லாம் ஒழுங்குக்கு வந்து நிஜமாகவே ஓடியது. பாதி தூரம் இருக்கும். முன்னங்கால் மடங்கி விழுந்தது. நான் போய்த் தலையை மடியில் எடுத்து வைத்தபோது வாய் கறுத்துவிட்டது. மூச்சு அடங்க வெகு நேரம் ஆகவில்லை. தாய் திரும்பி வந்து அதை முகர்ந்து முகர்ந்து தள்ளிப் பார்த்தது.

போனில் சொன்னதும் வீட்டுக்காரர் புறப்பட்டு மதியத்துக்குள் வந்து சேர்ந்தார். குட்டி விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதன் கழுத்தைப் பார்த்தார், தென்னையில் தொங்கிய சேலைக் கயிற்றைப் பார்த்தார்.

“யாரு அவுத்தது?”

“நான்தாங்க.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன், ஆனால் செய்தது தப்பு என்று சொல்லியிருக்க மாட்டேன். அவர் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முன்னங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

“கெணத்து வரைக்கும் போச்சா?”

“போச்சுங்க. சுத்திக்கிட்டுத் திரும்பி வந்துதான் படுத்துச்சு” என்றேன்.

சரி என்பது போலத் தலையை ஆட்டினார். எழுந்து மண்வெட்டி எடுத்துவரப் போனார்.