ஸ்டெல்லா அக்கா கேட்ட கேள்வி

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. எங்கள் மருத்துவமனையில் அது சர்க்கரை நோயாளிகள் வரும் நாள். வரிசையில் நின்ற ஒலக்கூர்ப் பெண்கள் மருந்துச் சீட்டைப் பிடித்தபடியே அழுதார்கள். பிறகு விழுப்புரத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் எங்கள் மருத்துவர், "அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அமைதியானவர் இல்லை. நாங்கள்தான் அவரைப் பேசவிடவில்லை.

திண்டிவனம் பக்கத்தில் உள்ள எங்கள் மருத்துவமனையில், மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவரோடு பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒருநாள் அஞ்சலை என்ற நோயாளி, தன் சர்க்கரை மாத்திரையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். தங்கைக்குச் சர்க்கரையே கிடையாது. புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்ததைக் கண்ணால் பார்த்ததிலிருந்து படபடப்பில் தூங்காமல் கிடந்தவள். மாத்திரையால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்கவைத்தோம். எல்லோரும் அஞ்சலையைத் திட்டினோம். அக்காவும் திட்டினார். ஆனால் அவர் மட்டும்தான், "ஏம்மா குடுத்த?" என்று கேட்டார்.

"எம் புள்ள கெணத்துல உழுந்து போனதுலேர்ந்து எனக்கும் இதே படபடப்புதாங்க. இந்த மாத்திரைய போட்டுக்கினு வந்தப்புறம்தான் தூக்கமே வந்துச்சு. அவளும் தூங்கட்டுமேன்னு குடுத்தேங்க."

அக்கா மருத்துவரிடம் போனார். "சர்க்கரை கொறஞ்சதால தூங்குறாங்களா, இல்ல மாத்திரை மனசுக்கும் ஏதாவது பண்ணுதா? யாராவது பாக்கணும் சார்."

"நீங்க மாத்திரைய எடுத்துக் குடுங்க, போதும்" என்று அவர் சிரித்தார். வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் அதே மருத்துவர் திரையில் படம் போட்டு விளக்கினார். அதிர்ச்சியாலும் மன அழுத்தத்தாலும் வரும் நோய்களுக்குச் சில சர்க்கரை மருந்துகள் உதவுமா என்று ஆராய்கிறார்களாம், இன்னும் உறுதியாகவில்லையாம். எல்லோரும் கைதட்டினோம். "நீ அப்பவே கேட்டன்னு சொல்லுக்கா" என்று அக்காவின் தோளை இடித்தேன்.

"எம் பேரு எதுக்குடி? குளுக்கோஸ் ஏத்தி ஊட்டுக்கு அனுப்புனீங்களே, அந்தப் பொண்ணு மனச எவனாவது பாத்தானா? அத கேளு."

ஒருவரும் பார்க்கவில்லை. அப்போது விடுப்புப் போட்டு அவளை விழுப்புரம் மனநலப் பிரிவுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனவர் அக்காதான். இரங்கல் கூட்டத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

மாத்திரை கொடுக்கும்போது அக்கா எல்லோரிடமும் ஒன்று கேட்பார். அந்தக் கேள்வியைத்தான் அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் இறந்ததற்கு அடுத்த செவ்வாய் ஜன்னலில் முதல் ஆளாக அஞ்சலை நின்றார்.

"தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு வாரமா இல்லம்மா" என்றார். "அவங்க போனதுலேர்ந்து."