கிளவுஸ்தால் குளத்தடி

பேர்பெச்சுவா மன்னார் பேசாலையில் பிறந்தவர். ஜேர்மனியின் ஹம் நகரில் முதியோர் இல்லமொன்றில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை. இத்தனை காலத்திலும் குளிர் அவருக்கு ஒத்துப்போகவில்லை. மகள் கவிசா எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது என்று யோசித்தபோது, படிப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகள் சொன்ன இரண்டு ஊர்களின் வானிலையையும் தினமும் றெயிலில் போகும்போது கைபேசியில் பார்த்தார். கடலோர றொஸ்ரொக்கில் மூன்று பாகை, பேய்க்காற்று. ஹார்ஸ் மலைமேல் இருக்கும் கிளவுஸ்தாலில் சைபருக்குக் கீழே ஏழு.

"றொஸ்ரொக் காத்து ஆளைத் தூக்கிக்கொண்டு போயிடும் பிள்ளை."

"எனக்குக் கிளவுஸ்தால் சினோதான், அந்த வெள்ளைப் பனிதான் விருப்பம். நேரிலை போய்ப் பாப்பமே அம்மா?"

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை போனார்கள். கட்டடங்களைப் பார்த்துவிட்டு, மதியம்போல ஊரோரக் குளத்தடிக்கு நடந்தார்கள். குளம் உறைந்து, கரை எங்கே முடிகிறது என்று தெரியாமல் வெள்ளையாகக் கிடந்தது. திடீரென்று பனிப்புகார் இறங்கியது. ஐந்து நிமிடத்தில் பேர்பெச்சுவாவுக்குத் தன் சப்பாத்தே தெரியவில்லை. மகளின் கையை இறுகப் பிடித்தார்.

"அம்மா, இஞ்சாலை வாங்கோ."

கவிசாவின் குரல். இரண்டடி வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது: குரல் வந்தது குளத்தின் நடுவிலிருந்து. மகளோ பக்கத்தில் நிற்கிறாள். காலுக்குக் கீழே ஐஸ் மெல்ல முனகியது.

"நீயே கூப்பிட்டனி?"

"இல்லை." கவிசாவின் பற்கள் அடித்துக்கொண்டன. "நீங்கள்தானே என்னைக் கூப்பிட்டனீங்கள்? அங்கையிருந்து."

"கதையாதை. திரும்பாமல் பின்னுக்கு நட."

ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினார்கள். குரல் மறுபடியும் அழைத்தது. இந்த முறை இருவரையும் பெயர் சொல்லி, கெஞ்சுவது போல. பேர்பெச்சுவா வாய்க்குள் செபம் சொன்னார். தெருவிளக்கின் மஞ்சள் தெரிந்த பிறகே மகளின் கையை விட்டார். விரல் தடம் சிவந்து கிடந்தது.

றெயிலில் ஏறியதும் கவிசா, "றொஸ்ரொக்குக்கே விண்ணப்பம் போடுறன் அம்மா" என்றாள்.

"ஓம்."

ஏன் மனம் மாறினாள் என்று கணவர் கிறிஸ்தோப்பர் கேட்டதற்கு, "அங்கை சரியான குளிர்" என்று பேர்பெச்சுவா சமாளித்தார்.

ஒக்டோபரில் கவிசா றொஸ்ரொக் போனாள். நன்றாகப் படிக்கிறாள், காற்றைத் திட்டுகிறாள். வாரத்தில் மூன்று நாள் வீடியோவில் அழைக்கிறாள். அவள் "அம்மா" என்றதும் பேர்பெச்சுவா பதில் சொல்வதில்லை. திரையில் முகம் தெரியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.