குருபரப்பள்ளி வரைக்கும் ஓர் இருக்கை

இன்று காலையும் கம்பெனிப் பேருந்தில் ஏறியதும் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். நீலத் துணிப்பை, அறுந்த காதை நானே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரியில் ஏறுகிறவர்கள், வழியில் ஏறப்போகும் கூட்டாளிக்குப் பை போட்டு இடம் பிடிப்பது எங்கள் பேருந்தின் எழுதாத சட்டம். போட்ட பையை யாரும் நகர்த்த மாட்டார்கள். என் பை குருபரப்பள்ளி வரைக்கும் அவளுக்காகக் காத்திருக்கும்.

அவள் வேப்பனப்பள்ளிக்காரி; குருபரப்பள்ளிக்கு வந்துதான் பேருந்து ஏறுவாள். வீட்டில் தெலுங்கு, டிரைவரிடம் கன்னடம், விருதுநகரிலிருந்து பிழைக்க வந்த என்னிடம் தமிழ். ஓசூரில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை: ஆலை இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மென்பொருள் எழுதுவது. அந்தப் பெட்டிக்குள் கெர்னல் என்றொரு அடித்தள நிரல் உண்டு. மற்ற நிரல்கள் கேட்கும்போது நினைவகத்தில் இடம் பிரித்துக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதும் அதன் பொறுப்பு. இடம் வீணாகாதபடி அதைத் திருத்துவது அவள் பங்கு. இடம் கேட்கும் நிரல்களில் ஒன்று என்னுடையது.

பெட்டி பத்துப் பன்னிரண்டு நாள் ஒழுங்காக ஓடும்; பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பார்த்தால் நினைவகத்தில் இடம் மிச்சமிருக்கும். இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நாட்களில், ஒருநாள் சூளகிரியில் மூன்று பெண்கள் ஏறினார்கள். ஒன்றாக உட்கார இடம் தேடினார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கைகள் காலி, நடுநடுவே பைகள். அவள் என் தொடையில் தட்டினாள். “பாரு, சீட்டு இருக்குது. சேந்தாப்புல இல்ல. நம்ம பெட்டியிலயும் இதே கதைதான். எவனோ பைய வெச்சிட்டு எடுக்காம உக்காந்திருக்கான்.”

சாயங்காலத்துக்குள் அந்த எவனோ நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள். பின்னால் உதவும் என்று என் நிரல் துண்டு துண்டாக இடம் பிடித்து, ஒன்றையும் திருப்பித் தராமல் வைத்திருந்தது. “நாளைக்கு மீட்டிங்ல நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லாருக்காது” என்றாள். பெரிதாகத் தலையாட்டினேன்.

மறுநாள் மீட்டிங்கில், அவள் கெர்னலில் கைவைத்ததால்தான் பெட்டி நிற்கிறது என்று மேலாளர் எல்லார் முன்னிலும் அவளைக் கடிந்துகொண்டார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவள் ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? பேசவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “சரி பண்ணிடறேன் சார்” என்றாள். இரண்டே நாளில் என் நிரலைத் திருத்தினாள். குறிப்பில், தேவையில்லாமல் பிடித்த இடம் திருப்பித் தரப்பட்டது என்று மட்டும் எழுதினாள். என் பெயர் எங்கும் இல்லை. அதற்குப் பிறகு பெட்டி நின்றதே இல்லை.

மீட்டிங்குக்கு அடுத்த நாள் காலை, குருபரப்பள்ளியில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என்னைக் கடந்துபோய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அப்படியே ஒரு மாதம். எனக்கு வேலை நிரந்தரமான வாரத்தில் அவள் பெங்களூருக்கு வேலை மாறிப் போனாள். மன்னிப்புக் கேட்டு நான் எழுதிய நீளமான செய்திக்கு தெலுங்கும் தமிழுமாக இரண்டே சொல்லில் பதில் வந்தது: “சர்லே, வுடு.” திட்டியிருந்தால்கூடத் தேவலை. தொடையில் தட்டிப் பேச ஆளில்லாத இந்த ஒரு மணி நேரப் பயணத்தில், அவள் குரலுக்கு நான் ஏங்காத நாள் இல்லை.

இன்று குருபரப்பள்ளியில் ஒரு புதுப்பெண் ஏறினாள். வேறு இடமில்லை. பையைப் பார்த்து, “அக்கா, ஆளு வர்றாங்களா?” என்றாள்.

கதவைப் பார்த்தேன். டிரைவர் சாத்திவிட்டார்.

“வர்றாங்க” என்றேன்.

அந்தப் பெண் சூளகிரி தாண்டியும் நின்றுகொண்டே வந்தாள். நான் பையை எடுக்கவில்லை.