புரொஜெக்டரை எப்போது அணைப்பது?

சாயங்காலம் மாநகர பஸ்ஸில் என் முன் சீட்டில் எங்கள் காலேஜ் மாணவிகள் இரண்டு பேர். பேராசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் வைத்துப் பாடம் நடத்தப் பயிற்சி தருபவள் நான் என்று அவர்களுக்குத் தெரியாது.

"கெமிஸ்ட்ரி சார் முன்னெல்லாம் போர்டுல எழுதுவாரு, நல்லா புரியும். இப்போ லைட்ட அணைச்சிட்டு ஸ்லைடப் படிச்சிக்கினே கீறாரு."

"எனக்குத் தூக்கந்தான்டி வருது."

அந்த ஸ்லைடுகளை அவரோடு உட்கார்ந்து செய்தது நான்தான்.

நான் யாரென்று சொன்னதும் பயந்துவிட்டார்கள். "மேடம், எங்க பேரச் சொல்லிடாதீங்க. இன்டர்னல் மார்க்குல கைய வெச்சிடுவாரு."

"சொல்ல மாட்டேன்மா."

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, எதிர் பஸ் பிடித்துக் காலேஜுக்கே திரும்பினேன். கெமிஸ்ட்ரி சார் லேபைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்லைடுல படம் மட்டும் இருக்கட்டும் சார். சமன்பாடெல்லாம் போர்டுலயே எழுதுங்க."

"நீங்கதானே மேடம் எல்லாத்தையும் ஸ்லைடுல போடச் சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன் சார். நாளைக்கு உட்கார்ந்து மாத்திடுவோம்."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்பாடா! இருட்டுல பசங்க மொகமே தெரியாம ஒரே பேஜாரா இருந்துச்சு மேடம்" என்றார்.

இனி எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் முதல் பயிற்சி, புரொஜெக்டரை எப்போது அணைப்பது என்பதுதான்.

அதற்கும் ஸ்லைடுதான் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பவர்கள் கீழே கமெண்டில் வந்து சிரிக்கலாம்.