யாய்ட்சேக்காரர் தந்த படம்

டென்மார்க்கின் வைலே நகரில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, ஐரோப்பாவின் சின்ன ஊர் ஒன்றின் வரலாற்றை ஆளுக்கொன்றாக எடுத்துச் சொல்லச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் நூலகத்துக்கு ஓடினார்கள். நான் ஏன் ஓட வேண்டும்? எங்கள் மேல்மாடிக்குப் போனால் போதும்.

அங்கே ஒரு பொஸ்னியாக்காரர் தனியே இருந்தார். அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை. நான் மாமா என்பேன். அவருடைய உடைந்த டேனிஷ் என் காதுக்கு எங்கள் வீட்டுத் தமிழ் மாதிரியே கேட்கும். யாய்ட்சே என்ற தன் ஊரைப் பற்றித் தொடங்கினாரென்றால் நிறுத்தமாட்டார். ஊருக்கு நடுவிலேயே அருவி விழுமாம். மேலே குன்றில் கோட்டையாம். பொஸ்னியாவின் கடைசி அரசனின் தலையைத் துருக்கியர் அங்கேதான் எடுத்தார்களாம். பிறகு ஆஸ்திரியர் வந்தார்களாம். அதற்குப் பிறகு என்று கேட்டால், "பிறகு நான் டென்மார்க் வந்திட்டன்" என்பார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். வரலாறு முடிந்தது!

காட்டுவதற்கு ஒரு படம் கேட்டேன். தயங்கித் தயங்கி அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். அருவிக்கு முன்னால் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டு நின்றான். அவருடைய தம்பியாம்.

"இது ஒண்டுதான் கிடக்கு. பசை பூசிப்போடாதை."

பசை பூசவில்லை. அதில் நான் கெட்டிக்காரி. ஆனால் படம் மொட்டையாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் மதிப்பான படமென்றால் அப்பப்பாவின் படம்தான். அதற்கு மாலை உண்டு. அந்தப் பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி, மாமாவின் தம்பியை ஒரு சட்டத்துக்குள் வைத்து, மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனப் பொட்டும் வைத்து மேசையில் நிறுத்தினேன். என் கைவேலையை நானே நின்று ரசித்தேன்.

மறுநாள் பின்னேரம் மாமா பார்க்க வந்தார். அப்பப்பாவின் மாலைக்கு என்ன அர்த்தமென்று எப்போதோ அப்பாவிடம் கேட்டறிந்தவர் அவர். படத்தைக் கண்டதும் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஆர் சொன்னது? கடிதம் ஏதும் வந்ததோ?"

"ஆரும் சொல்லேல்லை மாமா. வடிவா இருக்கட்டுமெண்டு…"

அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். "ஐயோ, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்! சண்டையிலை காணாமல் போன பிள்ளைக்கு ஆரும் மாலை போடுவினமோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா என்னை ஏசவில்லை. மாலையைக் கழற்றினார், பொட்டைத் துடைத்தார், படத்தை மாமாவின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"என்ரை தம்பியும் அப்பிடித்தான்" என்றார்.

எனக்குச் சித்தப்பா ஒருவர் உண்டென்று அன்றுதான் தெரியும். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் படமில்லாமலே பேசினேன். அருவி, கோட்டை, அரசன் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், வேறு யாரிடமும் இல்லாத சங்கதி என்னிடம் இருக்கிறதென்ற பெருமையோடு, மாமாவின் தம்பியும் என் சித்தப்பாவும் காணாமல் போய்விட்டார்கள், ஆனால் பெரிய ஆட்கள்தானே, யாரிடமாவது வழி கேட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்லி முடித்தேன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆசிரியை மட்டும் தட்டவில்லை. எனக்கு அவர்மேல் சரியான கோபம்.